மானியம் சொட்டுநீருக்கு, ஆய்வுக்கு நல்கை

தர்மபுரிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கருத்தரங்க அழைப்பிதழில் மறுபடியும் அதே வரி: 'அறிவியல் மற்றும் பொறியியல் துறைப் பெண்கள் மேம்பாட்டு மானியம்'. 'மற்றும்' பற்றி இன்று சண்டை வேண்டாம். 'மானியம்' பற்றிச் சண்டை போட்டே ஆக வேண்டும். 'மேம்பாடு' பற்றியும் கொஞ்சம்.

முதலில் மூலச்சொல். 'மானியம்' என்று இங்கே மொழிபெயர்த்திருக்கும் ஆங்கிலத்தின் 'கிராண்ட்' பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர் 'நம்பு' என்று பொருள்படும் லத்தீன் வினை. ஒருவரை நம்பி ஒன்றை ஒப்படைப்பது என்பதே அதன் கரு. இதற்கு மேல் அதைத் தோண்ட வேண்டியதில்லை.

மானியத்தின் கதை நீளம். 'மான்ய' என்ற வடசொல்லுக்கு மதிப்புக்குரியது என்று பொருள். கோயிலுக்கோ ஊர் ஊழியக்காரருக்கோ மரியாதையாக வரியில்லாமல் விட்ட நிலம் மானியம் ஆனது. கல்வெட்டுத் தமிழில் அதையொத்ததற்கு 'இறையிலி' என்ற நல்ல சொல் இருந்தது, அதை விட்டுவிட்டோம். 1963-இல் வந்த இனாம் ஒழிப்புச் சட்டங்களோடு அந்த நிலங்களும் போயின, சொல் மட்டும் தங்கிவிட்டது. சட்டமன்றத்தில் அது 'மானியக் கோரிக்கை'. பல்கலைக்கழகங்களுக்கு நிதி தரும் மத்திய அமைப்பாக 1953-இல் தொடங்கி 1956-இல் சட்டத் தகுதி பெற்ற யுஜிசிக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் 'பல்கலைக்கழக மானியக் குழு'. அதற்குள் ஊருக்குள் சொல்லின் பொருள் வேறாகிவிட்டது. இன்று பாலக்கோட்டிலோ போச்சம்பள்ளியிலோ மானியம் என்று சொல்லிப் பாருங்கள். சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு நூறு சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம், கேஸ் சிலிண்டருக்கு வங்கிக் கணக்கில் வருவது, உரத்துக்குக் கொடுப்பது. நாம் வாங்கும் பொருளின் விலையில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொண்டால் அது மானியம். அந்தப் பொருளில் இந்தச் சொல் கச்சிதமானது. அதை யாரும் மாற்ற வேண்டாம்.

எனக்குத் தெரிந்த வேதியியல் ஆசிரியை ஒருவர் பென்னாகரம் பக்கத்துக் கிணற்று நீரில் ஃபுளோரைடு பற்றி ஆய்வு செய்பவர். அவருக்கு டெல்லியிலிருந்து ஆய்வு நிதி ஒப்புதலானது. 'உங்க பொண்ணுக்கு மத்திய அரசு மானியம் வந்திருக்காமே' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் ஆசிரியையின் அப்பா, தக்காளி போடுபவர், கேட்ட முதல் கேள்வி: 'எத்தனை பர்சென்ட்டுங்க? மீதிய நாமதான் கட்டணுமா?'

சிரிப்பு வருகிறது. ஆனால் கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. சொல் அவரை அங்கேதான் கொண்டுபோய் விடும். ஆய்வு நிதி அப்படி வருவதில்லை. ஆய்வுத் திட்டத்தை எழுத வேண்டும், முகம் தெரியாத வல்லுநர்கள் அதைப் படித்துக் குறை சொல்ல வேண்டும், குழு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். கருவிக்கு இவ்வளவு, வேதிப்பொருளுக்கு இவ்வளவு, பயணத்துக்கு இவ்வளவு என்று தலைப்பு வாரியாகப் பணம் வரும். கடைசியில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வரை தணிக்கைக்காரர் விடமாட்டார். போட்டியில் வென்று வாங்கியதைத் தள்ளுபடி போலப் பெயரிட்டு அழைப்பது எந்த ஆய்வாளருக்கும் இழுக்கு. பெண்ணாக இருந்தால் இழுக்கு இரட்டிப்பு. 'பெண்களுக்கு மானியம்' என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது 2018-இன் இருசக்கர வாகனத் திட்டம்: பாதி விலை அல்லது 25,000 ரூபாய், எது குறைவோ அது. அது நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்கூட்டிக்குச் சொன்ன சொல்லையே ஆய்வுக்கும் சொன்னால், 'பொம்பளைன்னு சலுகை கொடுத்திருக்காங்க' என்று ஆசிரியர் ஓய்வறையில் ஒருவர் முணுமுணுப்பதற்கு நாமே வார்த்தை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். முணுமுணுப்பவர்களுக்கு ஏற்கெனவே வார்த்தைப் பஞ்சம் கிடையாது.

இதைவிடப் பெரிய குளறுபடி ஒன்று உண்டு. அழைப்பிதழில் சொன்ன வகை நிதியில் ஒரு பகுதி பெண்கள் கைக்குப் போவதே இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2001-இல் 'அட்வான்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. (நம் ஊரில் அட்வான்ஸ் என்றால் வீட்டு வாடகைக்கு முன்னால் கட்டுவது. யாரும் இதை 'முன்பணத் திட்டம்' என்று மொழிபெயர்க்காமல் விட்டார்களே, அதுவரை புண்ணியம்.) அந்தத் திட்டத்தின் முக்கியப் பிரிவில் பணம் பல்கலைக்கழகத்துக்குப் போனது. பெண் ஆசிரியர்கள் ஏன் வரவில்லை, வந்தவர்கள் ஏன் நிலைக்கவில்லை, பதவி உயர்வு எங்கே அடைபடுகிறது என்று அந்தப் பல்கலைக்கழகம் தன்னையே ஆராய்ந்து திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மூத்த பேராசிரியர்கள் சேர்ந்து, ஆள் தேர்வு செய்யும் சக ஆசிரியர்களுக்கே பயிலரங்கு நடத்தினார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகமும் தேர்வுக் குழுக்களுக்குப் பயிற்சி வைத்தது. பயிற்சி யாருக்கு என்று கவனியுங்கள். தேர்ந்தெடுக்கப்படும் பெண்ணுக்கு அல்ல, தேர்ந்தெடுக்க உட்காருபவர்களுக்கு.

அப்படியிருக்க 'பெண்கள் மேம்பாடு' என்றால் யாரை மேம்படுத்துகிறோம்? முனைவர் பட்டம் வாங்கி, கட்டுரை எழுதி, வகுப்பும் எடுக்கும் ஒருவரை மேம்படுத்த என்ன இருக்கிறது? மேம்பட வேண்டியது நிறுவனம். நம் நாட்டிலும் 2020-இல் அறிவியல் தொழில்நுட்பத் துறை தொடங்கிய 'கதி' திட்டம் இதே வழிதான். கல்வி நிறுவனங்களில் ஆண்-பெண் சமத்துவத்தை மதிப்பிட பிரிட்டனில் 2005-இல் வந்த 'அத்தீனா ஸ்வான்' பட்டயத்தைப் பார்த்து அமைத்தது. நிறுவனங்களைத்தான் எடை போடுகிறது. தனிப் பெண்ணுக்கு நேராக வரும் நிதியும் உண்டு. குழந்தை, குடும்பம் என்று ஆய்வை இடையில் விட்டவர்கள் திரும்பி வர 2002-ஐ ஒட்டித் தொடங்கிய பெண் அறிவியலாளர் திட்டம் அந்த வகை. இரண்டையும் ஒரே 'மேம்பாட்டு மானிய'த்தில் போட்டுக் கலக்கினால் கேட்பவருக்கு இரண்டுமே புரியாது.

சரி, மாற்று என்ன? 'உதவித்தொகை' மாணவருக்கு மாதாமாதம் வருவது. புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய்க்குப் பொருந்தும், ஆய்வகம் அமைக்கும் பணத்துக்குப் பொருந்தாது. 'கொடை' கேட்டால் திரும்பக் கணக்குச் சொல்ல வேண்டாத தொனி. 'நிதியுதவி' மோசமில்லை, எல்லோருக்கும் புரியும். ஆனால் வெள்ள நிவாரணமும் நிதியுதவிதான்.

'நல்கை' என்கிறேன் நான். நல்குதல் என்றால் கொடுத்தல். 'நிதிநல்கைக் குழு' என்று சில தமிழ்த்துறைகள் யுஜிசியை ஏற்கெனவே எழுதிவருகின்றன, ஆகவே இது என் கண்டுபிடிப்பு அல்ல. இது பண்டிதத் தமிழ், யாருக்கும் புரியாது என்பது முதல் எதிர்ப்பு. 'மென்பொருள்' முதல் நாளே புரிந்ததா என்ன? இன்னொரு நண்பர், 'நல்கை என்றால் நல்குரவுதான் ஞாபகம் வருகிறது, அது வறுமை ஆயிற்றே' என்றார். ஆய்வு நிதியை நம்பி ஆய்வகம் நடத்துபவர்கள் அந்தப் பொருத்தத்தை மறுக்கமாட்டார்கள். ஆனால் மழை பொழிவதைக் குறள் சொல்லும்போதும் இதே வினைதான்: மேகம் 'நல்காதாகி விடின்' கடலும் வற்றும்.

எனக்கு வலுவான சான்று நம் தகடூரிலேயே, அதாவது பழைய தர்மபுரியிலேயே, இருக்கிறது. பரிசில் வேண்டிச் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் வருகிறார். அவன் நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்தனுப்புகிறான். புலவருக்குக் கோபம். புறநானூற்று 208-ஆம் பாட்டில், காணாது ஈத்த பொருளை வாங்கிப் போக 'யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்கிறார். பிறகு, தினையளவே ஆனாலும் 'துணை அளவு அறிந்து நல்கினர் விடினே' இனிது என்கிறார். பார்க்காமல் கொடுத்ததற்கு அவர் போட்ட வினை 'ஈ'. தகுதியின் அளவை அறிந்து கொடுப்பதற்குப் போட்ட வினை 'நல்கு'. இரண்டு வினைக்கும் எல்லா இடத்திலும் இந்த வேறுபாடு உண்டு என்று சாதிக்க மாட்டேன். இந்த ஓரிடத்தில் இருப்பது எனக்குப் போதும். ஆய்வுத் திட்டத்தைப் படித்து, ஆளின் தகுதியை எடைபோட்டு, பிறகு கொடுக்கும் பணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை எந்த மொழிபெயர்ப்புக் குழுவும் உட்கார்ந்து செய்துவிட முடியாது. அதியமானுக்குச் சிலை வைத்த ஊரில் இருந்துகொண்டு 'மானியம்' என்று அச்சடிப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

துறைக்குள் பேச்சில் யாரும் எதையும் சொல்வதில்லை என்பதும் தெரியும். 'ப்ராஜெக்ட் கிடைச்சிருச்சு', 'ஃபண்டு இன்னும் வரலை', அவ்வளவுதான். பேச்சு அப்படியே இருக்கட்டும். அழைப்பிதழிலும் செய்திக் குறிப்பிலும் எழுதும்போது மட்டும், தனி ஆய்வாளர் வாங்கியதை 'ஆய்வு நல்கை' என்றும், பல்கலைக்கழகம் தன்னைத் திருத்திக்கொள்ள வாங்கியதை 'நிறுவன மாற்ற நல்கை' என்றும் போடலாம். கொடுப்பவர் நல்குநர், வாங்குபவர் நல்கை பெறுநர். அழைப்பிதழ் அச்சடிப்பவருக்கு ஒரு எழுத்துகூடக் கூடுதல் செலவில்லை. 'மேம்பாட்டு' போய்விடுவதால் இடம் மிச்சம்.