வண்ணப் பெட்டியைப் பரணில் போடாதீர்கள்

இனிப் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்னதும் பல வீடுகளில் முதலில் பரணுக்குப் போவது வண்ணப் பெட்டிதான். பார்வையிழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. இதை அடிக்கடி பார்க்கிறேன். கேட்டால், "அதைப் பார்த்தா ஏங்குவாங்கல்லா" என்பார்கள். எதைப் பார்த்து?

1890-லேயே பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கிய பாளையங்கோட்டைப் பக்கமே இந்த நிலைமை.

அம்பாசமுத்திரம் பக்கம் கடைப் பலகை எழுதிவந்த அண்ணாச்சி ஒருவருக்குக் கண் நீர் அழுத்த நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டது. "கண்ணே போச்சு, இனி என்னத்த வரைய?" என்றார். சைக்கிள் டியூபை வெட்டி விரித்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவைக் கையில் கொடுத்தேன். அழுத்தி இழுத்தால் கோடு புடைத்து நிற்கும். வலது கை வரைய, இடது கை விரல் கோட்டைத் தொட்டபடி பின்னால் வரும். அவர் முதலில் போட்டது 'ழ'. சுழி இம்மி பிசகவில்லை.

தையல்காரரின் பல்சக்கரத்தைக் கெட்டித் தாளில் ஓட்டியும் வரையலாம். ஆனால் புள்ளிகள் பின்பக்கம் எழும்புவதால் படம் இடவலம் மாறிவிடும், எழுத்துக்குச் சரிப்படாது. வண்ணத்துக்கும் வழி உண்டு: சிவப்பில் சலித்த மணல், பச்சையில் மரத்தூள் என்று கலந்துவிட்டால் எது எது என்று விரல் சொல்லிவிடும்.

இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை. வங்காள ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி பார்வையை முழுவதும் இழந்த பிறகுதான் 1972-இல் சாந்திநிகேதனில் பீங்கான் ஓட்டுச் சுவரோவியம் செய்தார். துருக்கியின் எஷ்ரெஃப் அர்மகான் பிறவியிலேயே பார்வையற்றவர். விரலால் தீட்டுகிறார், ஒரு வண்ணம் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொடுவார்.

இன்னொன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, கண்ணாடி போட்டும் நல்ல கண்ணில் பார்வை 3/60-க்குக் கீழ் (மற்றவர்கள் 60 மீட்டரில் பார்ப்பதை 3 மீட்டரில்கூடப் பார்க்க முடியாத அளவு) இருந்தாலே பார்வையின்மைதான். ஆகவே சான்றிதழ் வாங்கியவருக்கு வெளிச்சமோ நிழலுருவமோ மிச்சமிருக்கலாம். டாக்டரிடம் கேளுங்கள். இருந்தால் மஞ்சள் தாளும் தடித்த கறுப்பு மார்க்கரும் போதும்.

சொல்லிக் கொடுக்கும்போது அவர்கள் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் கை கீழே இருக்கட்டும், அவர்கள் கை அதன்மேல். வேண்டாம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளை என்றால் கோட்டில் தொடங்காதீர்கள். காருகுறிச்சிக் குயவர்களிடம் கொஞ்சம் களிமண் வாங்கி ஒரு செம்பு செய்யச் சொல்லுங்கள். காய்ந்ததும் அதைத் தாளில் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றிக் கோடு போடட்டும். செம்பின் வாய் தாளில் வட்டமாவது அப்போதுதான் பிடிபடும்.