செட்டிநாட்டு வீட்டுக்குள் ஒரு ஒயின் ரேக்

ஒயின் ரேக் வாங்கப் போகிறவர்கள் முதலில் அழகைத்தான் பார்க்கிறார்கள். தேக்கா இரும்பா, சுவரில் மாட்டுவதா தரையில் நிறுத்துவதா, எத்தனை பாட்டில் பிடிக்கும் என்று பேச்சு போகும். அதில் தப்பில்லை. ஆனால் இந்த ரேக் பிறந்த ஊர்களில் அது நின்ற இடம் நிலவறை. அங்கே குளிர்ச்சியை மண் கொடுத்தது, இருட்டை நிலவறை கொடுத்தது, பாட்டிலைப் படுக்கவைக்கும் வேலை மட்டும்தான் ரேக்குக்கு. காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ அதே ரேக்கைப் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) கொண்டுவந்து நிறுத்தினால், மீதி இரண்டு வேலையை யார் செய்வது?

வெளிநாட்டிலிருந்து கல்யாணத்துக்கோ முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ ஊருக்கு வரும் பிள்ளைகள் ஆளுக்கு 2 லிட்டர் மதுவைச் சுங்க வரியில்லாமல் கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டிலில் இரண்டு. நாலு பேர் வந்தால் எட்டு. அந்த எட்டும் பெரும்பாலும் ஆச்சி கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒளித்துவைக்கப்படும்: மேல்மாடி அறையில், அல்லது அடுப்படி ஃபிரிட்ஜுக்கு மேலே. இரண்டுமே ஒயினுக்கு ஆகாத இடங்கள்.

ஒயினைக் கெடுப்பது முதலில் வெப்பம், அப்புறம் ஆக்சிஜன், அப்புறம் ஒளி. பாட்டிலில் அடைத்த பிறகும் உள்ளே வேதிவினைகள் நிற்பதில்லை. சாயப் பொருள்களும் துவர்ப்பைத் தரும் டானின்களும் ஒன்றோடொன்று இணைகின்றன, அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து புது மணங்களை உண்டாக்குகின்றன. இவை மெதுவாக நடந்தால் நல்ல ஒயின் முதிரும். வேகமாக நடந்தால் கிழடுதட்டிப் போகும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது வேதியியலில் பழைய தோராய விதி. ஒயினை வைக்க 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் நல்லது என்பார்கள். 13 டிகிரியில் இருக்கவேண்டிய பாட்டில் 28 டிகிரியில் இருந்தால், இந்தக் கணக்குப்படி, ஒரு வருஷத்தில் ஏறக்குறைய மூன்று வருஷ வயது ஏறிவிடும். வயது ஏறுவது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. எல்லா வினையும் ஒரே அளவில் வேகம் எடுப்பதில்லை. குளிரில் ஏறத்தாழ தூங்கிக்கிடக்கும் சில வினைகள் சூட்டில் விழித்துக்கொள்ளும். அதனால்தான் சூடுபட்ட ஒயின் முதிர்ந்த ஒயினின் சுவையைத் தராமல் வெந்த பழத்தின் சுவையைத் தருகிறது.

இன்னொரு தொல்லை, விரிவு. 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் தண்ணீர் 0.6 சதவீதம் விரியும். 750 மில்லிக்கு அது நாலரை மில்லி. ஆல்கஹால் தண்ணீரைவிடப் பல மடங்கு விரியக்கூடியது என்பதால் ஒயினுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். பாட்டில் கழுத்தில், தக்கைக்குக் கீழே விட்டிருக்கும் இடமே சில மில்லிதான். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்த பாட்டிலில் தக்கை மேலே துருத்திக்கொண்டிருப்பதும், ஓரத்தில் ஒயின் கசிந்து பிசுபிசுப்பதும் இதனால்தான். திரும்பக் குளிரும்போது ஒயின் சுருங்கும், அந்த இடத்துக்கு வெளிக்காற்று உறிஞ்சப்படும். ஆக, ஒரே வெப்பத்தில் கிடப்பதைவிட ஏறி இறங்குவது மோசம்.

அப்படியென்றால் நாமும் நிலவறை தோண்டிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் ஐரோப்பிய ஆலோசனை நம் மண்ணில் வழுக்கிவிடுகிறது. வெயில் காலத்தின் சூடும் பனிக்காலத்தின் குளிரும் மண்ணுக்குள் இறங்க இறங்கத் தேய்ந்துகொண்டே போகும். சுமார் 10 மீட்டர் ஆழத்தில் பருவமே தெரியாது. அங்கே மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரிக்கு அருகில் நிலைத்து நிற்கும். பிரான்ஸின் பொர்தோ நகரில் அந்தச் சராசரி 13, 14 டிகிரி. ஷாம்பெயின் பகுதியின் சுண்ணாம்புப் பாறைச் சுரங்கங்களில் 10 முதல் 12 டிகிரி. ஒயினுக்கு 13 டிகிரி என்ற எண்ணே இந்த நிலவறைகளின் வெப்பத்திலிருந்துதான் பழக்கமாகியிருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. காரைக்குடிப் பக்கம் ஆண்டுச் சராசரி 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. எவ்வளவு தோண்டினாலும் கிடைப்பது 28 டிகிரிதான், செலவுதான் மிச்சம்.

நிலவறை கைகொடுக்காவிட்டாலும் செட்டிநாட்டு வீட்டின் சுவர் கொஞ்சம் கைகொடுக்கும். பகல் வெயில் சுவரின் வெளிப்பக்கத்தைச் சுடவைக்கிறது, இரவு அது ஆறுகிறது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் இந்த வெப்ப அலை, செங்கல் கட்டடத்தில் ஒவ்வொரு 12 சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகிறது. ஒன்றரை அடிச் சுவரைக் கடந்து வருவதற்குள் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான் மிஞ்சும், அதுவும் அரை நாளுக்கு மேல் தாமதமாக. வெளியே வெப்பம் 27-க்கும் 39-க்கும் நடுவே ஆடினாலும், உள்ளே கதவடைத்த அறையில் அந்த ஆட்டம் ஒன்றிரண்டு டிகிரிக்குள் அடங்கக் காரணம் இதுதான். ஆனால் சுவர் செய்வது ஆட்டத்தைக் குறைக்கும் வேலை மட்டும்தான், சராசரியைக் குறைக்க அதற்குத் தெரியாது. தை மாதச் சராசரி சுமார் 25, வைகாசியில் 31, 32. இந்தப் பருவ ஏற்றம் ஒன்றரை அடிச் சுவரைச் சுலபமாகத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

சரி, வீட்டுக்குள் எங்கே வைப்பது? மேற்கத்திய வழிகாட்டிகளில் வடக்குச் சுவர் ஓரம் வைக்கச் சொல்லியிருக்கும். அங்கே சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து ஓடுவதால் வடக்குச் சுவரில் வெயில் படுவது அபூர்வம். காரைக்குடி இருப்பதோ வடக்கே 10 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் போகும். கத்திரி வெயிலில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவரில்தான் வெயில் சாய்ந்து விழும். மேற்குச் சுவர் வருஷம் முழுக்கச் சுடும். அதனால் வெளிச்சுவர் எதையும் ஒட்டாமல், நான்கு பக்கமும் வேறு அறைகள் சூழ்ந்த உள்ளறைதான் சரி. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியிருக்கும் அறைகளில் வெயில் நேராகப் படாத ஒன்று, அல்லது இரண்டாம் கட்டில் சாமான் வைக்கும் அறை. பழைய வீடுகளில் பண்டபாத்திரமும் புளியும் பருப்பும் வைத்த அறைகள் இருட்டாகவும் காற்றோட்டம் குறைவாகவும் இருப்பது ஒயினுக்குத் தோதுதான். அது சாமி அறைக்குப் பக்கமாகிவிட்டால் என்ன செய்வது என்பதை அந்தந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளவும்.

வளவில், தூண்களுக்கு நடுவே ரேக்கை நிறுத்தினால் படம் பிரமாதமாக வரும். ஒயின் நாசமாகும். வானம் பார்த்த முற்றத்தின் ஒளி தரையிலும் வெள்ளைச் சுவரிலும் பட்டு எல்லாப் பக்கமும் சிதறுகிறது. ஒயினில் ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின், சிறிதளவு உண்டு. இது நீல ஒளியையும் புற ஊதாக் கதிரையும் விழுங்கி, அந்த ஆற்றலால் கந்தகம் உள்ள ஒரு அமினோ அமிலத்தை உடைக்கிறது. வருவது வெந்த முட்டைக்கோஸ் வாடை. சிவப்பு ஒயினை அதன் டானின்கள் ஓரளவு காப்பாற்றும். நிறமில்லாக் கண்ணாடியில் வரும் வெள்ளை ஒயினுக்கு அந்தக் காவல் இல்லை. பளிச்சென்று தெரிகிறதே என்று அதைத்தான் எல்லாரும் ரேக்கின் முன்வரிசையில் வைக்கிறார்கள்!

இனி படுக்கவைக்கும் விஷயம். தக்கை என்பது கார்க் ஓக் மரத்தின் பட்டை. உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது. 1665-ல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்துச் ‘செல்’ என்று பெயரிட்ட சிற்றறைகள் இந்தத் தக்கையில் கண்டவைதான். காற்று அடைபட்ட அந்த அறைகளால்தான் 24 மில்லிமீட்டர் தக்கையை அமுக்கி, சுமார் 18 மில்லிமீட்டர் கழுத்துக்குள் திணிக்க முடிகிறது. உள்ளே போனதும் விரிந்து கண்ணாடியை இறுக்கிக்கொள்கிறது. காய்ந்தால் சுருங்கும், பிடி தளரும், காற்று புகும். ஒயின் எப்போதும் தக்கையை நனைத்துக்கொண்டிருக்கத்தான் படுக்கவைப்பது. நிற்கும் பாட்டிலிலும் தக்கைக்குக் கீழே உள்ள காற்று ஈரம் நிறைந்ததுதானே, அதுவே போதும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. சில மாதத்துக்கு அந்த வாதம் செல்லும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. வருஷக்கணக்கில் என்றால் படுக்கவைப்பதே நல்லது. நாசிக் பக்கத்திலிருந்து வரும் இந்திய ஒயின்கள் பலவற்றுக்குத் திருகுமூடிதான். அவற்றைப் படுக்கவைத்தாலும் நிறுத்தினாலும் ஒன்றே. வீட்டில் வாங்குவது பெரும்பாலும் அந்த வகை என்றால் சாய்வு ரேக்குக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை, கதவு உள்ள பழைய அலமாரி போதும்.

ரேக்கே வேண்டும் என்றால் மரம் நல்லது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இடித்த வீடுகளின் தேக்குச் சட்டங்கள் கிடைக்கும். ஆசாரியிடம் கொடுத்தால் புதுக்கடை ரேக்கைவிட உறுதியாகச் செய்து தருவார். நூறு வருஷம் காய்ந்த தேக்கு இனி முறுக்காது, அதன் எண்ணெய்ப்பசை கரையானையும் தள்ளிவைக்கும். அளவை மட்டும் சரியாகச் சொல்ல வேண்டும். நேரான தோள் கொண்ட பொர்தோ பாட்டிலின் விட்டம் சுமார் 7.5 சென்டிமீட்டர், சரிந்த தோள் கொண்ட பர்கண்டி பாட்டில் அதைவிடப் பருமன், நுரை ஒயின் பாட்டில் 9-ஐத் தொடும். கட்டத்தை ஒன்பதரை சென்டிமீட்டரில் அடித்தால் எல்லாம் அடங்கும். நிறைந்த பாட்டில் ஒன்று 1.2 முதல் 1.4 கிலோ. நுரை ஒயின் உள்ளே 5, 6 மடங்கு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கவேண்டும் என்பதால் கண்ணாடி தடித்து 1.6 கிலோவுக்குப் போகும். அதைக் கீழ்வரிசையில் வைக்கவும். எடை கீழே இருந்தால் ரேக் சாயாது, தரையோரக் காற்றும் ஒரு டிகிரி குளிர்ச்சியாக இருக்கும்.

பெருக்கல் குறி போலப் பலகை போட்ட ரேக் பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் பாட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து பலகைகளைப் பக்கவாட்டில் தள்ளும், அடியில் உள்ளதை எடுக்க மேலே உள்ளதையெல்லாம் கலைக்க வேண்டும். சுவரில் மாட்டும் இரும்பு ரேக்கை இந்த வீடுகளில் நான் சொல்லமாட்டேன். 12 பாட்டில் 16 கிலோ. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பல அடுக்காகப் பூசிப் பளிங்காக்கிய சுவரில் டிரில்லர் போட்டால் பூச்சு பொரிந்து வரும். அதைப் பழையபடி பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது தனிக்கதை. ஒரே பாட்டிலைத் தாங்கி அந்தரத்தில் நிற்கும் சாய்ந்த பலகை ஒன்று விற்கிறதே, அதில் மாயம் ஏதுமில்லை. பலகையும் பாட்டிலும் சேர்ந்த எடையின் மையம் பலகையின் அடிப்பரப்புக்கு நேர்மேலே விழும்படி கோணத்தை வெட்டியிருக்கிறார்கள். பாதி குடித்துவிட்டுத் திரும்ப வைத்தால் அந்த மையம் நகர்ந்துவிடும்.

எத்தனை நாள் தாங்கும்? உள்ளறையில், மர ரேக்கில், இங்குள்ள வெப்பத்தில், சாதாரண ஒயினைச் சில மாதம் வைக்கலாம்; கோடை தொடங்குவதற்குள் குடித்துவிடுவது உத்தமம். அதற்கு மேல் என்றால் ஒயின் ஃபிரிட்ஜ்தான். சத்தமில்லாமல் ஓடும் சிறிய பெட்டிகள் பல, 1834-ல் பெல்ட்டியே கண்ட விளைவில் இயங்குபவை. இரு வேறு பொருள்களின் சந்திப்பில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். அவை அறை வெப்பத்திலிருந்து 15, 20 டிகிரிதான் இறக்கும். அறையே 36 என்றால் 13-ஐ எட்டாது. இந்த ஊருக்குக் கம்ப்ரஸர் வைத்ததே வேண்டும். சாதாரண ஃபிரிட்ஜின் தலைமேல் வைப்பது ஏன் ஆகாது என்பதும் இதோடு சேர்ந்ததே: உள்ளிருந்து உறிஞ்சிய வெப்பத்தை அது பின்னாலும் பக்கத்திலும்தான் கொட்டுகிறது, அந்தச் சூடு நேராக மேலே ஏறும். இன்னொன்று, வீட்டில் எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் சட்ட வரம்பு உண்டு. ஐம்பது பாட்டில் ரேக்குக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளவும்.

கடைசியாக, ரேக்குக்கு அடியில் விளிம்பு வைத்த ஒரு தாம்பாளம். ஒயினின் பிஎச் 3-க்கும் 4-க்கும் நடுவே, நல்ல அமிலம். இத்தாலிய மார்பிள் முழுக்கக் கால்சியம் கார்பனேட், ஆத்தங்குடித் தரைக்கல் சிமென்ட்டில் வார்த்தது. இரண்டையும் அமிலம் அரிக்கும். சிந்தினால் தேய்க்காமல் துணியால் ஒற்றியெடுத்து, தண்ணீர் விட்டு, ஆப்பச்சோடாவைக் குழைத்துப் போடலாம். போட்டதும் சிவப்புக் கறை நீலமாக மாறும். திராட்சைச் சாயம் காரத்தில் நிறம் மாறுவதுதான் அது, பயப்பட வேண்டாம். எலுமிச்சையும் வினிகரும் மட்டும் வேண்டாம். கறை போகிறதோ இல்லையோ, பளபளப்பு போய்விடும்.