அழித்த பெயரைப் பீடமே காட்டிக்கொடுக்கும் விதம்

ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றில் ஏறும்போது நுழைவாயிலுக்கு முன்னால் இடப்பக்கம் ஓர் உயரமான பீடம் நிற்கிறது. நீலம் கலந்த சாம்பல் நிறப் பளிங்கு, கிட்டத்தட்ட 9 மீட்டர் உயரம். மேலே சிலை இல்லை. முகப்பில் உள்ள கிரேக்கக் கல்வெட்டு, லூசியஸின் மகனும் மூன்று முறை ரோமின் கான்சலாக, அதாவது ஓராண்டுத் தலைமை அதிகாரியாக, இருந்தவருமான மார்க்கஸ் அக்ரிப்பாவைத் தங்கள் நன்மையாளர் என்று ஏதென்ஸ் மக்கள் கௌரவித்ததாகச் சொல்கிறது.

பேரரசர் அகஸ்டஸின் படைத்தலைவரான அக்ரிப்பா மூன்றாம் முறை கான்சலானது கி.மு. 27இல், இறந்தது கி.மு. 12இல். எழுத்தை வெட்டியது இந்த இடைவெளியில்தான் என்று கொள்ளலாம். பீடமோ அதைவிட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பழையது.

அது எப்படித் தெரிகிறது? முதலில் முகப்பையே பார்க்க வேண்டும். கல்லில் வெட்டிய பெயரை அழிக்க, அந்தப் பரப்பையே உளியால் செதுக்கி எடுக்க வேண்டும். அந்த இடம் சுற்றியுள்ள பரப்பைவிடச் சற்றுத் தாழ்ந்துவிடும், உளித் தடமும் தங்கிவிடும். ஆழமாக வெட்டிய கோடுகள் முழுதாகப் போவதும் இல்லை. பக்கவாட்டில் இருந்து சாய்வாக வெளிச்சம் அடித்தால் அவற்றின் நிழல் எழும்பி வரும். ஈரத்தாளைக் கல்மேல் விரித்துத் தூரிகையால் தட்டி, காய்ந்ததும் உரித்தெடுப்பது இன்னொரு வழி. நம் ஊர்க் கல்வெட்டாளர்கள் எடுக்கும் மைப்படிக்கு உறவுதான், மை மட்டும் கிடையாது. அக்ரிப்பாவின் பெயருள்ள முகப்பிலும் இப்படி அழித்த பழைய எழுத்தின் தடம் இருக்கிறது.

எழுத்தின் வடிவமும் காலம் சொல்லும். கிரேக்க முதலெழுத்தான ஆல்ஃபாவின் (Α) குறுக்குக்கோடு பழைய கல்வெட்டுகளில் நேராக இருக்கும். நடுவில் ஒடிந்த கோடு கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பரவலாகிறது. ஆனால் பழைய பாணியை வேண்டுமென்றே பின்பற்றி வெட்டியவர்களும் உண்டு. எழுத்தை மட்டும் நம்பிக் காலம் குறிப்பது ஆபத்து.

என்னைக் கேட்டால், நம்பகமான சாட்சி பீடத்தின் மேற்பரப்புதான். வெண்கலச் சிலையின் பாதங்களைக் குழிக்குள் இறக்கி ஈயம் ஊற்றி இறுக்குவார்கள். பளிங்குச் சிலை என்றால் அதன் அடித்தட்டு உட்காரும்படி ஒரே பெரிய பள்ளம் வெட்டுவார்கள். ஒரே கல்லில் இரண்டும் இருந்தால், அல்லது பாதக்குழி அடிப்பக்கத்தில் கிடந்தால், கல் இரண்டாம் முறை வேலைக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். அக்ரிப்பாவின் பீடத்து மேற்பரப்பில் இருப்பவை நாற்குதிரைத் தேர்ச் சிற்பம் ஒன்றைப் பொருத்திய வெட்டுகள். இன்றைய துருக்கியில் இருந்த கிரேக்க அரசான பெர்கமோனின் மன்னர் இரண்டாம் யூமெனிஸ் குடும்பத்தின் தேர்ப்பந்தய வெற்றிக்காக, கி.மு. 178ஐ ஒட்டி எழுந்த நினைவுச்சின்னம் இது என்பது ஆய்வாளர்களின் முடிவு.

நடுவில் இன்னொரு பெயரும் வந்துபோனது போலிருக்கிறது. ஏதென்ஸில் பெர்கமோன் அரசர்களான யூமெனிஸ், அட்டலஸ் ஆகியோரின் பெரும் சிலைகளில் ரோமானியத் தளபதி ஆண்டனியின் பெயரைப் பொறித்திருந்தார்கள், அவை புயலில் விழுந்தன என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அந்தச் சிலைகள் இங்கேதான் நின்றன என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால், ஆக்டியம் கடற்போரில் தோற்ற ஆண்டனியின் இடத்துக்கு, அதே போரில் எதிர்த்தரப்புக் கப்பற்படையை நடத்திய அக்ரிப்பா வந்திருக்கிறார்.

பழைய சிலைக்குப் புதுப்பெயர் வெட்டும் இந்த வழக்கத்தை எல்லோரும் ஏற்கவில்லை. அடுத்தவர் சிலையில் பொய்ப்பெயர் பொறிப்பதை வெறுக்கிறேன் என்று கி.மு. 50இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ நண்பருக்குக் கடிதம் எழுதினார். ரோட்ஸ் தீவில் அதிகாரி ஒரு பழைய சிலையைக் கைகாட்டுவார், இருந்த பெயரை அழித்துப் புதுப்பெயர் வெட்டுவார்கள், மரியாதை முடிந்தது என்று கிரேக்கப் பேச்சாளர் தியோ கிறிசோஸ்டம் அந்த ஊர் மக்களிடமே கோபமாகப் பேசினார். முன்பு நன்மை செய்தவருக்கு ஊர் கொடுத்த நன்றியைத் திருடுகிறீர்கள் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஊர் நன்றி மறக்காது என்ற நம்பிக்கையில்தான் பணக்காரர்கள் தானியமும் எண்ணெயும் கட்டடமும் கொடுத்தார்கள்.

ஆனால் எல்லா இடத்திலும் இது சிக்கனமோ ஏமாற்றோ அல்ல. ஏதென்ஸுக்கு வடக்கே ஓரோபோஸில் உள்ள, நோய் தீர்க்கும் வீரத்தெய்வமான அம்ஃபியராவோஸின் கோயிலில், பழைய சிலைகளை ரோமானியர்களுக்கு மறுபடி அர்ப்பணித்த பீடங்கள் வரிசையாகக் கிடைத்தன. அவற்றில் சிலவற்றில் கௌரவம் பெற்றவரின் பெயர் புதிது. சிற்பியின் கையொப்பத்தை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார்கள். சிலை பழையது என்பதை மறைக்க நினைத்தவர்கள் அதைத்தான் முதலில் செதுக்கி எடுத்திருப்பார்கள். பேர்பெற்ற கைவேலையைத்தான் உங்களுக்குக் கொடுக்கிறோம் என்று அந்த ரோமானியருக்குக் காட்டவே கையொப்பத்தை விட்டுவைத்தார்கள் என்று எனக்குப் படுகிறது.