பேக்கப், ரீஸ்டோர்: காப்புப்படி, மீட்பு, மீட்சி

தரவுத்தளத்தில் உள்ள தகவல்களை வேறோர் இடத்தில் படியெடுத்து வைப்பது 'பேக்கப்'. அந்தப் படியைக் கொண்டு தரவுத்தளத்தைத் திரும்ப உருவாக்குவது 'ரீஸ்டோர்'. முன்னதில் உள்ள 'பேக்' ஆங்கிலத்தில் முதுகைக் குறிக்கும். ஒருவருக்குப் பின்னால் துணை நிற்றல் என்ற பொருளிலிருந்து, ஒன்று பழுதானால் கைகொடுக்கும் மாற்று என்ற பொருளுக்கு அச்சொல் நகர்ந்தது. பின்னது, புதுப்பித்தல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது.

பேக்கப்புக்குக் காப்புநகல், காப்புப் பிரதி, காப்புப்படி என்னும் மூன்றும் வழக்கில் உள்ளன. நகல் அரபி மூலம் உடையது, பிரதி வடசொல்; காப்புப்படியே என் தேர்வு. 'கா' என்னும் வினையடியில் பிறந்த காப்பு, சேலத்துக்காரர்களுக்குப் புதிதன்று. பொங்கலுக்கு முந்தைய நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றை வாசலில் செருகுவதைக் காப்புக் கட்டுதல் என்றே சொல்கிறோம். இடர் வருமுன் செய்துகொள்வது என்னும் குறிப்பு அச்சொல்லிலேயே இருக்கிறது.

ரீஸ்டோருக்கு வரும்போதுதான் சிக்கல். அதையும் 'ரெக்கவரி'யையும் நாம் பொதுவாக மீட்பு என்றே எழுதிவிடுகிறோம். தரவுத்தளத்திலோ அவை வேறு வேறு வேலைகள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை, கொடுத்த வெள்ளி, வந்த கொலுசு, சேதாரம், கூலி ஆகியவற்றை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பதிந்து, இரவு பத்து மணிக்குக் காப்புப்படி எடுக்கிறது என்று கொள்வோம். மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு வட்டு பழுதானால், அந்தப் படியை ஏற்றுவதால் முந்தைய இரவு வரையிலான கணக்குதான் திரும்பும். அன்று காலை எடைபோட்டுக் கொடுத்த வெள்ளி அதில் இராது. ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்துவைக்கும் 'பைனரி லாக்' என்னும் பதிவேடு வேறு வட்டில் பிழைத்திருந்து, அதையும் படியின்மேல் ஓட்டினால்தான் கணக்கு மூன்று மணி நிலைக்கு வரும். படியை ஏற்றுவது ரீஸ்டோர். பதிவேட்டை ஓட்டி உரிய நிலையை அடைவது ரெக்கவரி.

இந்த வேறுபாட்டைக் காட்டத் தமிழ் இலக்கணமே வழி தருகிறது. 'ஆள்' ஆட்சி ஆவதுபோல், தானே மீளும் தன்வினையிலிருந்து வருவது மீட்சி; பிறர் மீட்கும் பிறவினையிலிருந்து வருவது மீட்பு. ஆள் வைத்துச் செய்யும் ரீஸ்டோரை மீட்பு என்றும், ரெக்கவரியை மீட்சி என்றும் எழுதலாம். ஏற்காட்டில் மழைநாளில் மின்சாரம் போய்த் திரும்பியதும், காப்பித் தோட்ட அலுவலகக் கணினியில் உள்ள போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் யாரும் சொல்லாமலே தன் பதிவேட்டைப் படித்துச் சீரான நிலைக்கு வந்துவிடும். அதற்கு மீட்சி என்னும் பெயர் இன்னும் நன்றாகப் பொருந்தும்.

'மீட்டமை' என்ற சொல்லை ரீஸ்டோருக்குத் தவிர்ப்பது நல்லது. கைப்பேசித் திரைகளில் அது ரீசெட்டுக்கு வழங்குகிறது. தரவைத் திரும்பக் கொண்டுவர நினைப்பவர், இருப்பதையும் அழிக்கும் பொத்தானை அழுத்திவிடக்கூடும்.