கலிஃபோர்னியாவில் ஆர்வி ட்ரெய்லர் (தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி) இழுக்க எந்த லைசென்ஸ் வேண்டும்?

2023 மாடல் ஃபோர்டு எஃப்-450 பிக்கப், உரிய பாகங்களோடு வாங்கினால், 40,000 பவுண்டு வரை இழுக்கும் என்கிறது கம்பெனி. சுமார் 18 டன். சரி, ட்ரக் இழுக்கும். ஓட்டுபவரின் கையில் இருப்பது காருக்கான சாதாரண சி வகுப்பு லைசென்ஸ் என்றால்? இந்த இடத்தில் சட்டம் ட்ரக்கின் பலத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பின்னால் வரும் ட்ரெய்லரின் லேபிளைத்தான் பார்க்கிறது.

அந்த லேபிள் ட்ரெய்லரின் இடப்பக்கத்தில், முன்பாதியில் ஒட்டியிருக்கும். அதில் 'ஜிவிடபிள்யூஆர்' என்று ஓர் எண். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு ட்ரெய்லர் அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் குறித்தது. "உள்ளே ஒன்றுமில்லை, காலி வண்டி" என்று சொல்லித் தப்ப முடியாது.

சொந்த உபயோகத்துக்கு, கூலி வாங்காமல் இழுப்பவர்களுக்கான விதி இது. ஜிவிடபிள்யூஆர் 10,000 பவுண்டுக்குள் இருந்தால் சி வகுப்பே போதும். அதைத் தாண்டினால் ட்ரெய்லரின் வகை முக்கியம். பின் பம்பருக்குக் கீழே கொக்கி மாட்டி இழுக்கும் ட்ராவல் ட்ரெய்லர் என்றால், நேராக வணிகமல்லாத ஏ வகுப்புக்குப் போக வேண்டும். எழுத்துத் தேர்வு, உடல்நலப் படிவம், அதே மாதிரி வண்டியில் ஓட்டிக் காட்டுவது என எல்லாம் உண்டு. முன்பகுதி ட்ரக்கின் பின்தொட்டிக்குள் இருக்கும் கொக்கியில் உட்காரும் ஃபிஃப்த்-வீல் ட்ரெய்லருக்கு மட்டும் ஒரு சலுகை: 10,000-க்கு மேல், 15,000-க்குள் என்றால் சிறப்பு எழுத்துத் தேர்வில் தேறி, சி லைசென்ஸிலேயே கூடுதல் அனுமதி வாங்கிக்கொள்ளலாம். 15,000-ஐத் தாண்டினால் அதற்கும் ஏ வகுப்புதான்.

டெக்சாஸில் கணக்கு வேறு. ட்ரக், ட்ரெய்லர் இரண்டின் ஜிவிடபிள்யூஆரும் சேர்ந்து 26,001 பவுண்டை எட்டி, ட்ரெய்லர் மட்டும் 10,000-ஐத் தாண்டினால் ஏ வகுப்பு.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது, அப்புறம் என்ன என்று கிளம்பிவிடாதீர்கள். 14,000 பவுண்டு ஃபிஃப்த்-வீல் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2,800 பவுண்டு, ட்ரக்கின் முதுகில் இறங்கும். கொக்கி 200, குடும்பத்தில் நான்கு பேர் 600. மொத்தம் 3,600. உங்கள் ட்ரக் சுமக்கக்கூடியது 3,000 பவுண்டுதான் என்றால், 18,000 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் அது அதிகச் சுமைதான். டீசல் இன்ஜினே கனம் என்பதால், இழுவை கூடிய டீசல் ட்ரக்குகளில்தான் இந்தச் சிக்கல் அடிக்கடி வரும். விற்பவர் இதைத் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். ட்ரக் கதவோரத்து ஸ்டிக்கர்களை நீங்களே படியுங்கள்.

சாலையில் ஏறிய பிறகும் விதிகள் உண்டு. ட்ரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் கலிஃபோர்னியாவில் உச்ச வேகம் மணிக்கு 55 மைல். ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்து 65 அடி நீளத்துக்கு மேல் போகக்கூடாது. ஓடும்போது ட்ராவல் ட்ரெய்லருக்குள் யாரும் உட்காரக்கூடாது. ஃபிஃப்த்-வீலில் உட்காரலாம், ஆனால் ஜன்னல்களில் பாதுகாப்புக் கண்ணாடி, ஓட்டுநருக்குச் சைகை கொடுக்கும் கருவி, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கும் வழி மூன்றும் இருக்க வேண்டும்.