மூச்சுக்கவிகை: சீபாப் ‘மாஸ்க்’குக்கு ஒரு தமிழ்ச்சொல்

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்றுபோகாமல், குழாய் வழியே மாஸ்க்குக்குள் காற்றை ஊதித் தரும் சீபாப் மெஷின் வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காலையில், அப்பாவின் மூக்குத்தண்டில் புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்பாகக் கன்றியிருந்தது. மாஸ்க்கை எடுத்துப் பார்த்தேன். குழாய் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பொடித்துளைகளின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. “காத்து வீணாப் போகுதேப்பா, அதான் அடைச்சேன்” என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நாம் விடும் மூச்சு வெளியேறுவதற்கென்றே வைத்த துளைகள் அவை. அடைத்துவிட்டால், வெளியே விட்ட கரியமில வாயுவையே திரும்ப இழுக்க வேண்டிவரும்.

விற்ற கடையில் அவரிடம் சொன்னது ஒரே வரிதான்: “முகக்கவசம் மாதிரிதான் சார், இறுக்கிப் போட்டுக்குங்க.” 2020இல் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூடப் பழகிய மனிதர், அந்தச் சொல்லுக்கு உண்மையாக நடந்துகொண்டார். பட்டையை இழுத்துக் கட்டினார், துளையையும் அடைத்தார். சொல் தவறாக இருந்தால் கையும் தவறிவிடுகிறது.

‘மாஸ்க்’ ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு முன்னே இத்தாலிய ‘மாஸ்கெரா’. அதற்கும் முந்தைய வேராக இரண்டைச் சொல்கிறார்கள்: சூனியக்காரி, பேய் என்று பொருள்படும் இடைக்கால லத்தீன் ‘மாஸ்கா’, கோமாளியைக் குறிக்கும் அரபுச் சொல் ‘மஸ்கரா’. எது வேரானாலும் முகத்தை மறைக்கிற வேலைதான். நம் ‘முகமூடி’யும் அப்படியே, செய்தித்தாளில் அது கொள்ளையரோடுதான் வரும். ‘கவசம்’ வடசொல். அம்பையோ கிருமியையோ உள்ளே விடாமல் தடுப்பது அதன் வேலை. சீபாப் மாஸ்க் எதையும் மறைப்பதுமில்லை, தடுப்பதுமில்லை. காற்றைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அதன் வேலை.

கூட வரும் இரண்டு சொற்களையும் பார்த்துவிடலாம். ‘ஆப்னியா’ கிரேக்கச் சொல். ‘அ’ என்றால் இல்லை, ‘ப்னே’ என்றால் மூச்சுவிடு. தூக்கத்தில் குறைந்தது 10 நொடி மூச்சோட்டம் நின்றால் அதை ஒரு ஆப்னியா என்று கணக்கிடுவார்கள். இதை ‘மூச்சுத்திணறல்’ என்று எழுதுவது சரியில்லை. திணறுகிறவருக்குத் திணறுவது தெரியும். இங்கே தூங்குகிறவருக்குப் பெரும்பாலும் எதுவுமே தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவர்தான் பதறிப்போவார். தளர்ந்த தொண்டை அடைத்துக்கொள்வதால் வருவதை ‘உறக்க மூச்சுத்தடை’ எனலாம். ‘சீபாப்’ (CPAP), ‘கன்டினியூயஸ் பாசிட்டிவ் ஏர்வே பிரஷர்’ என்ற நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது. அதில் வரும் ‘பாசிட்டிவ்’ என்பதை ‘நேர்மறை’ என்று பெயர்ப்பதைவிட ‘மிகை’ என்பது பொருத்தம். வெளிக்காற்றைவிடச் சற்று மிகையான அழுத்தம், அவ்வளவுதான். சாதாரணமாக 4 முதல் 20 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தத்தின் அளவு. அந்த அழுத்தம்தான் தொண்டையை விரித்துப் பிடிக்கிறது. ஆகவே, ‘தொடர் மிகையழுத்தம்’.

1980இல் சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையைத் தொடங்கி, 1981இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார். காற்றை ஊதுவதைவிட அதை மூக்கோடு சேர்ப்பது பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு நோயாளியின் மூக்குக்கும் மாவுக்கட்டு அச்செடுத்து, கண்ணாடியிழையில் மாஸ்க் வார்த்து, ராத்திரிதோறும் சிலிக்கோன் பசையால் ஒட்ட வேண்டியிருந்தது.

இன்றைய மாஸ்க்கின் விளிம்பு மெல்லிய சிலிக்கோன் மடிப்பு. மெஷின் ஓடத் தொடங்கியதும் உள்ளேயிருக்கும் காற்று அந்த மடிப்பை உப்பவைத்துத் தோலோடு படியவைக்கும். பட்டையை இறுக்கினால் மடிப்பு நசுங்கி, காற்று கண் பக்கமாகச் சீறும். அதைப் பார்த்து இன்னும் இறுக்குவோம், இன்னும் சீறும். அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

அப்படி மேலே படிந்து நிற்பதற்குத் தமிழில் ஒரு வினை இருக்கிறது: கவிதல். மலைமேல் மேகம் கவிந்திருக்கிறது என்கிறோம். மேகம் மலையை நசுக்குவதில்லை. அதிலிருந்து வந்த ‘கவிகை’ குடையைக் குறிக்கும். ‘கவிகைக்கீழ்த் தங்கும் உலகு’ என்கிறது குறள். குடை மேலே கவிந்திருக்கும், உள்ளே காற்றாடும். அதனால் இந்தக் கருவியை ‘மூச்சுக்கவிகை’ என்று சொல்ல ஆசைப்படுகிறேன்.

வகைகளுக்கும் பெயர் தெளிவாகிவிடும். மூக்கின் மேல் படிவது மூக்குக்கவிகை. ‘ஃபுல் ஃபேஸ் மாஸ்க்’ என்று விற்பது பெயருக்குத்தான் முழுமுகம்; மூடுவது மூக்கையும் வாயையும் மட்டும், ஆகவே மூக்குவாய்க்கவிகை. மூக்கடைப்பு உள்ளவருக்கும், வாய் திறந்து தூங்குகிறவருக்கும் பெரும்பாலும் இதுதான் சரிப்படும். ‘நேசல் பில்லோ’வை மூக்குத் தலையணை என்று பெயர்த்தால் ஒன்றும் புரியாது. அது நாசித்துளையின் வாயில் மட்டும் பொருந்துகிற சின்னக் குமிழ், துளைக்கவிகை. மீசை தாடி வைத்திருப்பவருக்கும், முகம் மூடினால் பதற்றம் வருகிறவருக்கும் அது இதம். ஒருக்களித்துப் படுப்பவர் குழாய் உச்சந்தலையில் சேரும் வகையைக் கேட்டு வாங்கலாம். பட்டையில் காந்தக் கொக்கி இருந்தால், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் போதாது. படுத்தால் கன்னத்தின் அமைப்பே மாறிவிடும். மெஷினை ஓடவிட்டு, தலையணையில் சாய்ந்து, புரண்டு பார்க்க வேண்டும். அளவு தவறென்று தெரிந்ததும் அப்பாவுக்கு ஒரு அளவு சின்னதாக மாற்றினோம். பிளாஸ்திரியைப் பிய்த்தெடுத்தோம். இப்போது படுத்த பிறகு அம்மாதான் மெஷினைப் போட்டுவிட்டு, பட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துச் சொல்கிறார்: “கவிகையைக் கொஞ்சம் தூக்கி விடுங்க, தானா உக்காரும்.”