பெட்டகத்தை அளந்துவிட்டு வீட்டுப் படத்தைப் பாருங்கள்

இந்த ஆனியில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மகளுக்குச் சீதனமாகக் கட்டிய புது வீடு. பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மேற்கைப் பார்த்த மண்டபம், தரையிலிருந்து மேல்வரை திறக்க முடியாத கண்ணாடி, மேலே ஓரடிகூட வெளியே நீளாத கொங்கிறீட் சிலாப். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வளவெல்லாம் வீசுகிறது, வீட்டுக்குள் வர வழியில்லை. குடும்பம் முழுவதும் பின்வளவில் ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தது. அம்மம்மாவின் பெட்டகமும் அங்கேதான், நான்கு கற்களின் மேல் பொலித்தீனால் மூடியபடி இருந்தது. போன மாரியில் தண்ணீர் ஊறி அடிப்பலகை பிளந்துபோயிருக்கிறது. மூடியின் மேல் சுருட்டி வைத்த பன்பாய்கள்.

இப்படி ஒரு வீடு மட்டும் என்றால் பேசிவிட்டு வந்திருப்பேன். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் இதேதான், அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களிலும் இதேதான். வெளிநாட்டில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு 3டி படம் அனுப்புகிறார், இங்கே கட்டுகிறார்கள். மேசனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்தில் இருந்ததைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

“படத்தில் அழகாகத்தானே இருந்தது?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். தயவுசெய்து ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அந்தப் படம் உங்கள் வீட்டின் புகைப்படம் அல்ல. அதை வரையும் மென்பொருளில் கமெராவை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். சுவருக்கு வெளியே நிறுத்திவிட்டு அந்தச் சுவரை மட்டும் மறைத்துவிடலாம். அங்கே நின்று எந்த மனிதரும் உங்கள் மண்டபத்தைப் பார்க்கப் போவதில்லை. பார்வைக் கோணத்தை அகட்டினால் பத்தடி அறை கலியாண மண்டபம் போலத் தெரியும். சூரியனையும் விரும்பிய திசையில் வைக்கலாம், நம் ஊர்ச் சூரியன் அங்கே நிற்குமா என்று மென்பொருள் தானாகக் கேட்காது. சோபாவும் சாடியும் ஆயத்த மாதிரிகளிலிருந்து எடுத்து வைத்தவை. நுளம்பு வலை, காஸ் சிலிண்டர், விளக்குமாறு, கொடியில் காயும் சாரம், நெல் மூடை, மோட்டார் சைக்கிள் எதுவும் அதில் இல்லை. உங்களிடம் இருக்கும் ஒரு பொருளும் இல்லாத வீட்டைப் பார்த்துத்தான் நீங்கள் சரி என்கிறீர்கள்.

இது எனக்கு மட்டும் தோன்றிய கவலை அல்ல. கட்டடத்தைக் கண்ணுக்கு மட்டும் உரியதாக்கி, தொடுகையையும் காற்றையும் வெப்பத்தையும் மறக்கக் கூடாது என்று கட்டடக் கலை விமர்சகர் கென்னத் பிராம்ப்டன் 1983இல் எழுதினார். பின்லாந்துக் கட்டடக் கலைஞர் யுகானி பல்லஸ்மா 1996இல் அதையே இன்னும் அழுத்திச் சொன்னார். கைத்தொலைபேசித் திரையில் வீடு தெரிவு செய்யும் வழக்கம் அப்போது இல்லை. அதற்கும் முன்னே, 1900இல், வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடொல்ப் லூஸ் ஒரு பணக்காரனின் கதையை எழுதினார். வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் கட்டடக் கலைஞரே தீர்மானித்துவிடுகிறார். பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கொடுத்த பரிசை வைக்க அந்த மனிதனுக்கு வீட்டில் இடமில்லை. எங்கள் அம்மம்மாமாருக்கு இன்று நடப்பது இதுதான்.

“பழைய சாமான்தானே, படம் எடுத்து வைத்தாயிற்று” என்கிற பேச்சு என்னைக் கோபப்படுத்துகிறது. படத்தின் மேல் உட்கார முடியுமா? பெட்டகத்தில் கூறைச் சேலையும் காணி உறுதியும் இருந்தன, வீட்டுக்கு வந்தவர்கள் அதன்மேல்தான் உட்கார்ந்தார்கள். அது எந்த அறையில் இருந்ததோ அங்கேதான் குடும்பம் கூடியது. காஸ்தோன் பஷ்லார் என்ற பிரெஞ்சு மெய்யியலாளர், வீட்டைப் பற்றிய தம் நூலில் இழுப்பறைக்கும் பெட்டகத்துக்கும் அலுமாரிக்கும் ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். நாம் ஒரு மூலைகூட ஒதுக்குவதில்லை. அந்தப் படுவான்கரை வீட்டில் பெட்டகம் வெளியே கிடப்பதற்குக் காரணம் மனமின்மை அல்ல. அது நான்கரை அடி நீளம், இரண்டேகால் அடி அகலம். உள் நடைவழி மூன்றடி, நடுவில் செங்கோண வளைவு. கிடையாகக் கொண்டுபோனால் அது திரும்பாது. வரைபடத்தில் ஒரு செவ்வகம் போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அத்திவாரம் வெட்டுமுன் வீட்டிலுள்ள பெரிய சாமான் அத்தனையையும் அளவு நாடாவால் அளந்து, வரைபவரிடம் கொடுங்கள். கட்டில், அலுமாரி, சாய்மனைக் கதிரை, உரல், எல்லாம். அவற்றை வரைபடத்தில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 3டி படம் வேண்டுமென்றால் கமெராவை அறைக்குள், ஐந்தடி உயரத்தில் வைத்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு வளவில் முளை அடித்துக் கயிறு கட்டி, அம்மாவை அதற்குள் நடக்க விடுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு நடக்க விடுங்கள். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவர் சொல்வார். வடக்கு யன்னலில் வெயில் படாது என்று இணையத்தில் பார்த்ததை இங்கே நம்பாதீர்கள். நாம் பூமத்திய ரேகைக்கு எட்டுப் பாகைக்குள் இருக்கிறோம், ஆனி மாத நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது.

சிலாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை பறந்ததைக் கண்டவர்களின் பயம் நியாயமானது. சிலாப் போடுங்கள், ஆனால் மேற்கிலும் தெற்கிலும் மூன்றடியாவது வெளியே நீட்டிப் போடுங்கள். அந்தச் செலவு பின்னால் வாங்கும் ஏசியின் மின்கட்டணத்துக்குக் கிட்டவும் வராது.

காணி உறுதியின் படம் போனில் இருக்கிறது என்று மூலத்தைக் கொட்டிலில் சொருகி வைக்காதீர்கள். விற்கவோ எழுதிக் கொடுக்கவோ போகும்போது மூலத்தைத்தான் கேட்பார்கள்.

வெளிநாட்டில் உழைத்து அனுப்பும் தம்பிமாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். படம் அனுப்புவதற்கு முன் அம்மாவுக்கு ஒரு அழைப்பு எடுங்கள். எங்கே உட்கார்ந்து வெற்றிலை போடுவீர்கள், எங்கே நெல் வைப்பீர்கள், பகலில் எங்கே சரிவீர்கள் என்று கேளுங்கள். பதிலை அப்படியே வரைபவருக்கு அனுப்புங்கள்.

ஏற்கெனவே கட்டி முடித்தவர்கள் மனம் உடைய வேண்டாம். அந்தப் படுவான்கரை வீட்டில் கண்ணாடியின் கீழ்ப்பாதியைக் கழற்றித் திறக்கும் யன்னல் வைக்கவும், மேற்கே எட்டடி அகலத்தில் ஓடு போட்ட விறாந்தை இறக்கவும் சொல்லியிருக்கிறேன். பெட்டகத்துக்கு இடம் அந்த விறாந்தைச் சுவரோரம், தெற்கு மூலையில். அடிப்பலகையை மாற்றத் தச்சரிடம் பேசியாயிற்று. மாரிக்கு முன் வேலை முடிய வேண்டும்.